“அன்று போன் கால் வரவே இல்லை”: 65-இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் தேடலில் சிக்காத மூன்று ரெக்கார்டிங்கும்

எழுபது வயதைத் தாண்டிய ஒரு தமிழ் அம்மா, வீட்டு ஏர்கான் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்தச் சொல்லி கால் சென்டருக்கு போன் செய்தார். நிறுத்திவிடுகிறோம் என்று அங்கிருந்தவர்களும் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகும் மாதாமாதம் ஜைரோ என்ற தானியங்கிக் கட்டண முறை வழியாக அவர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. மகன் விசாரித்தபோது, “நீங்கள் சொல்லும் தேதியில் அந்த எண்ணிலிருந்து எங்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை” என்று நிறுவனம் எழுத்திலேயே பதில் தந்துவிட்டது.

அழைப்பு வந்திருந்தது. ரெக்கார்டிங்கும் இருந்தது, ஒன்றல்ல, மூன்று. மூன்றில் ஒன்றுகூட தொலைபேசி எண்ணைப் போட்டுத் தேடினால் வராது, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

சிங்கப்பூரில் கால் சென்டர்களின் ரெக்கார்டிங் அமைப்புகளைப் பராமரிப்பது என் வேலை. இந்த விவகாரம் என்னிடம் வந்தது, மகன் பிடிபிஏ என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, அம்மாவின் கையெழுத்தோடு, “அவருடைய எல்லா அழைப்புப் பதிவுகளும் வேண்டும்” என்று கேட்ட பிறகுதான். நிறுவனம், ஆட்கள், எண் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஆனால் கோளாறு நடந்த விதத்தில் எதையும் மாற்றவில்லை, ஏனென்றால் இதே கோளாறு இன்னும் பல இடங்களில் சத்தமில்லாமல் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் தேடலில் வந்தது என்ன

புகாரைக் கையாண்ட சூப்பர்வைசர் அக்கா அலட்சியமானவர் இல்லை. எண்ணைப் போட்டார், தேதியைப் போட்டார், தேடினார். “தம்பி, தேதி இல்லாமலும் தேடிப் பார்த்துட்டேன். அவங்க போன வருஷம் சர்வீஸுக்குக் கூப்பிட்டது ரெண்டு வருது. இது மட்டும் வரல” என்றார்.

இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். தேடல் மொத்தமாகக் காலியாக வந்திருந்தால் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும், என்னவோ கோளாறு என்று ஐடி-க்கு ஒரு டிக்கெட் போட்டிருப்பார்கள். பழைய அழைப்புகள் இரண்டு ஒழுங்காக வந்து நின்றதால், தேடல் சரியாக வேலை செய்கிறது, அந்த அம்மாவுக்குத்தான் நினைவு தப்பிவிட்டது என்ற முடிவுக்கு வருவது எளிதாகிவிட்டது. வயதானவர் என்றால் அந்த முடிவுக்கு இன்னும் வேகமாக வந்துவிடுகிறோம்.

அம்மா பக்கம் ஒரே ஒரு ஆதாரம். வீட்டில் மாட்டியிருந்த தமிழ் தினசரி காலண்டரின் தாளில், “ஏர்கான் ஆபீசுக்கு போன் பேசினேன், காலை 7.40” என்று பேனாவில் எழுதி வைத்திருந்தார். மகன் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்த நேரம்தான் எனக்குப் பிடிமானம்.

எண்ணை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்தது

ரெக்கார்டிங் தேடல் திரையை மூடிவிட்டு, தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் எழுதும் அழைப்புப் பதிவேட்டுக்குப் போனேன். சிடிஆர் என்பார்கள். எந்த லைனில் வந்தது, எந்த எண்ணிலிருந்து, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது, யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் வரிவரியாக அதில் இருக்கும். அழகான திரை கிடையாது, வெறும் உரைக் கோப்பு. ஆனால் நெட்வொர்க் என்ன கொடுத்ததோ அதை அப்படியே எழுதி வைக்கும், அதுதான் அதன் மதிப்பு.

காலை 7.30 முதல் 8.00 வரை ஹாட்லைனுக்கு வந்ததை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இருந்தது. 65-இல் தொடங்கும் 8 இலக்க வீட்டு எண், முழுசாக, எந்தச் சேதமும் இல்லாமல். அழைப்பு எடுக்கப்பட்டிருக்கிறது, இன்னொரு ஏஜென்ட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பிற்பகலில் அதே எண்ணுக்கு இங்கிருந்து ஒரு அழைப்பு போயிருக்கிறது.

ஆக, எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்த அழைப்பு ரெக்கார்டருக்கு ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு அழைப்புக்கும் எக்ஸ்சேஞ்ச் ஒரு தனி அடையாளக் குறியீடு போடும், ரெக்கார்டரும் அதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறியீட்டை எடுத்துக்கொண்டு ரெக்கார்டரின் டேட்டாபேஸில் நேரடியாகத் தேடியபோது ஒலிக்கோப்புகள் வந்துவிட்டன. பக்கத்தில் ‘அழைத்தவர் எண்’ என்ற கட்டத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே இருந்தது 6 இலக்கம்.

இரண்டு இலக்கம் எங்கே போனது

சிங்கப்பூர் எண்கள் 8 இலக்கம், நாட்டுக் குறியீடு 65. வீட்டு லைன்கள் 6-இல் தொடங்கும், கைத்தொலைபேசிகள் 8 அல்லது 9-இல், இணையவழி எண்கள் 3-இல். 2002 மார்ச் வரை வீட்டு எண்கள் 7 இலக்கமாகத்தான் இருந்தன, அப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 6 சேர்த்தார்கள். அதற்கு முன் 5-இல் தொடங்கிய எண்கள் அத்தனையும் அன்றிலிருந்து 65-இல் தொடங்கும் எண்களாகிவிட்டன. நாட்டுக் குறியீடும் 65, வீட்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் 65.

இந்த நிறுவனம் ஐஎஸ்டிஎன் என்ற பழைய வகைத் தொலைபேசி லைன்களை விட்டு, இணையவழியாக அழைப்புகளைக் கொண்டுவரும் சிப் டிரங்க் இணைப்புக்கு மாறியபோது, இரண்டு டிரங்க் வாங்கியிருக்கிறது, ஒன்று முதன்மை, மற்றது கூட்டம் அதிகமானால் எடுத்துக்கொள்ள. முதன்மை டிரங்க்கில் அழைப்பவரின் எண் 65 சேர்ந்து 10 இலக்கமாக வரும். மற்றதில் வெறும் 8 இலக்கமாக வரும். இரண்டையும் ஒரே மாதிரி ஆக்குவதற்காக, ரெக்கார்டருக்குத் தகவல் போகும் வழியில் ஒரு விதி எழுதப்பட்டது: முன்னால் 65 இருந்தால் வெட்டிவிடு. நீளத்தைப் பார்க்கவில்லை. 10 இலக்கமாக வந்தால் 65 போய் சரியான 8 இலக்கம் மிஞ்சும். கைத்தொலைபேசி 8 இலக்கமாக வந்தால் 8, 9-இல் தொடங்குவதால் விதி அதைத் தொடாது. 62, 63, 67 என்று தொடங்கும் வீட்டு எண்களும் தப்பித்துவிடும். 65-இல் தொடங்கும் வீட்டு எண், அதுவும் இரண்டாவது டிரங்க் வழியாக வந்தால் மட்டும், தலை வெட்டப்பட்டு 6 இலக்கமாகிவிடும்.

போன வருட அழைப்புகள் இரண்டும் முதன்மை டிரங்க்கில் வந்தவை, அதனால் கிடைத்தன. இந்த அழைப்பு லைன் திறந்த உடனே எல்லோரும் முண்டியடிக்கும் நேரத்தில் வந்தது, இரண்டாவது டிரங்க்கில் விழுந்தது.

மாற்றம் நடந்தபோது சோதனை செய்யாமல் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு தடவை தங்கள் ஹேண்ட்போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்து, ரெக்கார்டிங் வருகிறது என்று டிக் போட்டிருக்கிறார்கள். வீட்டு லைனிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கு வீட்டு லைன் வைத்திருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. ரெக்கார்டர் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது, சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால். காலை 7.40 என்பது யுடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 23.40. தேடல் திரை தேதியை உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே ஒப்பிட்டதால், எண் சரியாகவே இருந்திருந்தாலும் அந்தத் தேதியைப் போட்டால் இந்த அழைப்பு வந்திருக்காது. காலை 8 மணிக்கு முன் வரும் எல்லா அழைப்புக்கும் இதே கதி.

தமிழில் பேசியதால் தொலைந்த பகுதி

6 இலக்கக் கோப்பைத் திறந்து கேட்டேன். ஒரு நிமிடம்கூட இல்லை. முதல் ஏஜென்ட் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்கிறார், அம்மா “தமிழ்ல பேசுறவங்க யாராச்சும் இருக்காங்களா” என்று கேட்கிறார், “ஒன் மினிட் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு மாற்றிவிடுகிறார். அதோடு கோப்பு முடிந்துவிட்டது. ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை மட்டும் கண்டுபிடித்திருந்தாலும், “அழைத்தார், ஆனால் ரத்து பற்றி எதுவும் சொல்லவில்லை” என்றுதான் அடுத்த கடிதம் போயிருக்கும்.

உண்மையான பேச்சு இரண்டாவது கோப்பில் இருந்தது. அழைப்பு மாற்றப்படும்போது ரெக்கார்டர் புதிய துண்டு தொடங்குகிறது, அந்தத் துண்டைப் பொறுத்தவரை அழைப்பவர் யார்? மாற்றிவிட்ட முதல் ஏஜென்ட். அதனால் ‘அழைத்தவர் எண்’ கட்டத்தில் அவருடைய 4 இலக்க உள் எண் உட்கார்ந்துவிட்டது. வாடிக்கையாளரின் எண் அந்தத் துண்டில் எங்குமே இல்லை. இரண்டு துண்டையும் சேர்க்கும் பொதுக் குறியீடு டேட்டாபேஸில் இருக்கிறது, ஆனால் தேடல் திரை அதைக் காட்டாது.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், ஹாட்லைனை எடுப்பவர் எல்லா மொழியும் பேச முடியாது, மாற்றித்தான் விட வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பேசியவரின் முழு உரையாடலும் அவர் எண்ணின் கீழ் ஒரே கோப்பாக இருக்கிறது. தமிழ் கேட்டவர், மலாய் கேட்டவர், சீனம் கேட்டவர் பேசியதெல்லாம் ஒரு ஏஜென்ட்டின் உள் எண்ணுக்குக் கீழே அநாதையாகக் கிடக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் தகராறு என்று வந்தால் ஆதாரம் கிடைக்காமல் போவது வீட்டு லைன் வைத்திருக்கும், ஆங்கிலம் சரளமாக வராத, வயதான ஆட்களுக்குத்தான். அவர்கள்தான் கடிதம் எழுதிச் சண்டை போடவும் தெம்பில்லாதவர்கள். இந்த அம்மாவுக்கு விடாப்பிடியான ஒரு மகன் இருந்தார்.

மூன்றாவது கோப்பு பிற்பகலில் தமிழ் ஏஜென்ட் திரும்ப அழைத்தது. “சரிங்கம்மா, கேட்டுட்டேன், இந்த மாசத்தோட நிறுத்திடுறோம்” என்று தெளிவாகச் சொல்கிறார். அம்மா இரண்டு தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்கிறார். தகராறையே முடித்துவைக்கும் வாக்கியம் இது. வெளி லைன் பிடிக்க ஏஜென்ட்கள் முதலில் 9 அழுத்த வேண்டும், ரெக்கார்டர் அழுத்திய இலக்கங்களை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆக, அந்தக் கோப்பு 9 இலக்க எண்ணின் கீழ் இருந்தது. அந்த ஏஜென்ட் வேறு பிரிவிலிருந்து தமிழுக்காகக் கடன் வாங்கப்பட்டவர். ஒப்பந்தப் பக்கத்தைத் திருத்த அவருக்கு அனுமதி இல்லாததால் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார், அது யாருடைய பெட்டியிலோ தங்கிவிட்டது. பணம் போய்க்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான், ஆனால் அது வேறொரு குழு சரிசெய்ய வேண்டிய கதை.

என்னென்ன மாற்றினோம்

வெட்டும் விதியை முதலில் தூக்கினோம். இப்போது நெட்வொர்க் கொடுத்த எண் ஒரு கட்டத்தில் தொடப்படாமல் அப்படியே இருக்கும், திருத்திய வடிவம் தனிக் கட்டத்தில் இருக்கும். திருத்திய வடிவம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு வகுத்த இ.164 முறை: கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண், அதிகபட்சம் 15 இலக்கம். முன்னால் இருக்கும் இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன் நீளத்தைப் பார். 8 இலக்கம், 3, 6, 8, 9-இல் ஒன்றில் தொடங்குகிறது என்றால் அது உள்ளூர் எண், 65-ஐச் சேர், எதையும் வெட்டாதே. 10 இலக்கம், 65-இல் தொடங்கி மூன்றாவது இலக்கமும் அந்த நான்கில் ஒன்று என்றால் ஏற்கனவே குறியீடு இருக்கிறது. வெளியே போகும் அழைப்புகளில் 9-ஐ எடுப்பதற்கு, எண்ணின் தோற்றத்தை வைத்து ஊகிக்கக் கூடாது, அழைப்பு வெளியே போனதா என்ற தகவலை வைத்துத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே கைத்தொலைபேசி எண்களே 9-இல் தொடங்குகின்றன. வெளிநாட்டு அழைப்புக்கு 001, 002, 008 என்று போடும் முன்னெண்களையும் அந்த இடத்திலேயே கழிக்க வேண்டும்.

வெளிநாட்டு எண்கள் வேறு. 2020 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளில் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி காட்டும்படி இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செய்திருக்கின்றன, மோசடி அழைப்புகளை மக்கள் அடையாளம் காண்பதற்காக. ஊருக்குப் போயிருக்கும் வாடிக்கையாளர் தன் சிங்கப்பூர் எண்ணிலிருந்து ரோமிங்கில் கூப்பிட்டால் கூட்டல் குறியோடு 65 வரும், இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் இருந்து கூப்பிட்டால் வெறும் 8 இலக்கம். ஒரே ஆள், ஒரே எண், இரண்டு வடிவம்.

பழைய பதிவுகளைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் எனக்கிருந்த பயம். முடிந்தது. வெளியிலிருந்து வந்த அழைப்பில் 6 இலக்கம் இருந்தால், அது இந்த விதி வெட்டியதாகத்தான் இருக்க வேண்டும், சிங்கப்பூரில் 6 இலக்க வீட்டு லைன் கிடையாது. முன்னால் 65-ஐ ஒட்டினால் எண் திரும்பி வந்துவிடும். இந்தியாவிலிருந்து அழைப்பு வருகிறதே என்று யாராவது 91-க்கும் இதே போல ஒரு வெட்டு விதி எழுதியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும், ஏனென்றால் 91-இல் தொடங்கும் சிங்கப்பூர் கைத்தொலைபேசிகள் ஏராளம், அப்போது 6 இலக்கத்தைப் பார்த்து 65-ஐ ஒட்டுவதா 91-ஐ ஒட்டுவதா என்று சொல்லவே முடியாது.

மாற்றப்பட்ட அழைப்புகளுக்கு, எந்தத் துண்டு தேடலில் சிக்கினாலும் பொதுக் குறியீட்டை வைத்து எல்லாத் துண்டையும் வரிசையாகக் காட்டும்படி செய்தோம். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம் இதுதான். ஒரு மணி நேரப் பேச்சு, ஜி.711 என்ற தொலைபேசி ஒலி வடிவில் 28.8 மெகாபைட் ஆகிறது, அதையெல்லாம் ஒழுங்காகச் சேமிக்கப் பணம் கொட்டுகிறோம், அதைக் கண்டுபிடிக்க உதவும் சில பைட் தகவலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டை ஒலிக்கோப்புகளைவிடச் சீக்கிரமே அழித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில வாரம் போயிருந்தால் அந்த 7.40 வரி இருந்திருக்காது, நானும் “இல்லை” என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது இரண்டையும் ஒரே காலத்துக்கு வைத்திருக்கிறார்கள். சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஒப்பந்தம் தொடர்பான வழக்கென்றால் 6 ஆண்டு. தேவை முடிந்த பிறகும் வைத்திருக்கக் கூடாது என்று பிடிபிஏ சொல்வதையும் சேர்த்து எடைபோட்டுத்தான் அந்தக் காலத்தை முடிவு செய்தார்கள்.

எண் என்பது ஆள் ஆகாது

எண்ணைச் சரிசெய்துவிட்டுத் தேடியபோது, அந்த வீட்டு எண்ணின் கீழ் இன்னொரு அழைப்பும் வந்தது. அறை வாடகைக்கு இருந்த வேறொருவர், வேறொரு விஷயமாகப் பேசியது. எண்ணை வைத்துத் தேடி வந்ததையெல்லாம் மகனுக்கு அனுப்பியிருந்தால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பேச்சைக் கொடுத்திருப்போம், அது இன்னொரு மீறல். வீட்டு லைன் என்றால் ஒரு குடும்பம், அலுவலக லைன் என்றால் ஒரு அலுவலகமே. கைத்தொலைபேசி எண்கூட கைமாறும், போன வருடம் இந்த எண்ணில் பேசியவர் வேறு ஆளாக இருக்கலாம். அதனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கேட்டாக வேண்டும், இதற்குக் குறுக்குவழி கிடையாது.

யார் தேடலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. ஒரு எண்ணைத் தட்டினால் அந்த வீட்டார் பேசியதெல்லாம் கேட்கலாம் என்பது சாதாரண அதிகாரம் இல்லை. இப்போது எந்தத் தேடலுக்கும் புகார் எண் கொடுத்தால்தான் திரை திறக்கும், யார் எதைத் தேடினார், எதைக் கேட்டார் என்பதும் பதிவாகும். எண்களை மறைத்து வைக்க வெறும் ஹேஷ், அதாவது எண்ணைத் திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றும் கணக்கு, போதும் என்று ஒருவர் யோசனை சொன்னார். போதாது. 3, 6, 8, 9-இல் தொடங்கும் 8 இலக்க எண்கள் மொத்தமே 40 மில்லியன்தான், ஒரு சாதாரண லேப்டாப்பே அத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடும். ரகசியச் சாவி சேர்த்த முறைதான் வேண்டும்.

பிடிபிஏ 2012-இல் நிறைவேறியது, அதன் முக்கியப் பகுதிகள் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. ஒருவர் தன் தகவலைக் கேட்டால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் எப்போது தர முடியும் என்பதை அதற்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்த குரலும் அந்தத் தகவலில் அடங்கும். அம்மாவின் மூன்று பதிவுகளும் மகனிடம் கொடுக்கப்பட்டன, அதிகமாகப் பிடித்த பணம் திரும்ப வந்தது, முதல் கடிதத்தில் சொன்னது தவறு என்று எழுத்தில் தெரிவிக்கப்பட்டது. இந்தக் கடைசி விஷயத்துக்கு நிறுவனம் தயங்கியது. சூப்பர்வைசர் அக்காதான் விடவில்லை, “அவங்களுக்கு மறதின்னு நாம எழுத்துல சொன்ன மாதிரிதானே அது, எழுத்துலயே திருத்தணும்” என்று நின்றார்.

இப்போது அங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. எண்ணைப் போட்டுத் தேடி வரவில்லை என்றால் ஏஜென்ட் சொல்லக்கூடியது “எண்ணை வைத்துக் கிடைக்கவில்லை, நேரத்தை வைத்துப் பார்க்கிறோம், தோராயமாக எத்தனை மணிக்குப் பேசினீர்கள், யாரிடமாவது மாற்றிவிட்டார்களா, திரும்ப அழைத்தார்களா” என்பதுதான். “நீங்கள் அழைக்கவில்லை” என்று எழுத, எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டைப் பார்த்தேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

இன்னும் தீராதவை இருக்கின்றன. எண்ணை மறைத்துக் கூப்பிடுபவர்கள் ‘அனானிமஸ்’ என்ற ஒரே பெயரில் குவிந்து கிடக்கிறார்கள், அவர்களை நேரத்தையும் ஏஜென்ட்டையும் வைத்துத்தான் பிடிக்க முடியும். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் அந்த அலுவலகத்தின் பொது எண்தான் வரும். தமிழ் ஏஜென்ட்களுக்கு ஒப்பந்தப் பக்கத்தைத் திருத்தும் அனுமதி கொடுப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஹாட்லைன் மெனுவிலேயே தமிழுக்கு ஒரு எண் வைத்துவிட்டால் மாற்றிவிடவே வேண்டியிருக்காது, முதல் துண்டிலிருந்தே முழுப் பேச்சும் வாடிக்கையாளர் எண்ணின் கீழ் பதிவாகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.